கிணற்றடி மோட்டாரும் அதன் தாங்கிகளும்

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் வற்றாத பேராறு கிடையாது. சுவர்ணமுகியும் பொன்னையாறும் மழைக்காலத்தில் பெருகி, பின்னர் மணலாகி விடுவன. ஆதலின் அங்குள்ள குடியானவர், தமிழராயினும் தெலுங்கராயினும், கிணற்றை நம்பியே கரும்பும் நிலக்கடலையும் பயிரிட்டு வந்துள்ளனர். கவலை மாடுகள் இறைத்த நீரை மின்மோட்டார் இறைக்கத் தொடங்கிய வரலாற்றில், அதன் சுழல்தண்டைத் தாங்கும் எஃகுக் குண்டுகளுக்கும் பெரும் பங்குண்டு.

பட்டறையில் இதனைப் ‘பேரிங்’ என்பர். மொழிபெயர்ப்போர் ‘தாங்கி’ என எழுதுகிறோம். நம் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லை நினைவூட்டும் நல்ல சொல். கல் அசையாது தாங்கும். இதுவோ சுழன்றுகொண்டே தாங்க வேண்டும்.

வண்டி அச்சுக்குக் குண்டுகள் பொருத்தும் முறைக்கு 1794இலேயே பிலிப் வான் என்பவர் இங்கிலாந்தில் உரிமை பெற்றார். ஆயினும் குண்டுகள் யாவும் ஒரே அளவின அல்லவெனில் பெரியதே சுமை முழுவதையும் ஏற்கும். அவற்றை ஒத்த அளவில் அரைக்கும் எந்திரத்தை ஜெர்மனியில் பிரீட்ரிக் பிஷர் அமைத்தது 1883இல். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒரு நெசவாலை களிமண் நிலத்தின் மீது நின்றது. தரை அமிழ அமிழ நீண்ட தண்டுகள் கோணின. தாங்கிகள் அடிக்கடி பழுதுற்றன. ஆலைப் பொறியாளர் ஸ்வென் விங்க்விஸ்ட் 1907இல், தண்டு கோணினாலும் தானே இசைந்து கொடுக்கும் இருவரிசைக் குண்டுத் தாங்கியைப் படைத்தார்.

நம் பக்கத்தில் பைக்காரா மின்சாரம் 1932இல் வந்தது. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் ஆக்கியதே இந்நாட்டின் முதல் மோட்டார் என்று போற்றப்படுகிறது. அந்நாளில் சித்தூரும் சென்னை மாகாணத்து மாவட்டமே. 1953இல்தான் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. பேரிங்குகளை ஜெய்ப்பூர்த் தொழிற்சாலை 1950 முதல் செய்து வருகிறது.

தாங்கியைத் தெரிந்தெடுப்பதில் முதற்கேள்வி, சுமை எப்பக்கம் இழுக்கிறது என்பதே. பம்பு நேராக இணைக்கப்பட்டிருந்தால் ஆழ்பள்ளக் குண்டுத் தாங்கி போதும். வார் பூட்டி ஓட்டினாலோ, வார்ப் பக்கத்துத் தாங்கியின் மீது இழுப்பு மிகும். அங்கே பெரியதோ, உருளை வகையோ வேண்டும். குண்டுத் தாங்கியில் சுமை இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும். நூறு ரூபாயை மிச்சப்படுத்தி ஒரு போகத்தை இழப்பவரை இக்கணக்கு எச்சரிக்க வேண்டும். 6205 என்ற எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளை 25 மில்லிமீட்டர் என்பது விளங்கும். ‘சி3’ என்ற குறி, உள்ளே சற்று மிகுந்த இடைவெளி உண்டென்பதைக் காட்டும். சூட்டில் உள்வளையம் விரிவதால் மோட்டாருக்கு அது பெரும்பாலும் ஏற்றது. கிரீஸை அளவு மீறி அடைப்பதும் கேடே, தாங்கி சூடேறிவிடும்.

மேலே நிற்கும் பம்பு ஏறத்தாழ இருபத்தைந்து அடி ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சவல்லது. நீர்மட்டம் இறங்கவே மோட்டாரும் கிணற்றுக்குள் இறங்கிற்று; பின்னர் ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தன. நீர் நிரப்பிய அவ்வகையில் எஃகுக் குண்டுக்கு இடமில்லை. கிரீஸுக்குப் பதில் நீரே வழுவழுப்பூட்ட, தண்டு புஷ்களில் சுழல்கிறது. பம்பின் கீழ்நோக்கிய அழுத்தத்தைச் சாயும் தகடுகள் ஏற்கின்றன. ஆஸ்திரேலியப் பொறியாளர் மிச்செல் 1905இல் உரிமை பெற்ற முறை அது. தகட்டுக்கும் தண்டின் தட்டுக்கும் இடையே நிற்கும் நீர்ப்படலம் மிக மெல்லியது. மோட்டாருக்குள் மணல் புகுந்தால் முதலில் தேய்வது அந்த இடந்தான்.