கல் சொன்ன சாட்சி

குழாயைச் சட்டென்று மூடினால் உள்ளே ‘டங்’ என்று ஓர் அடி விழுமே, கேட்டிருப்பீர்கள். ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் ‘வாட்டர் ஹேமர்’ என்று படித்தோம். ஓடும் நீர் திடீரென நிற்கும்போது அழுத்தம் அலையாகப் பாய்கிறது. அதே போன்ற அடி, பல்லாயிரம் மடங்கு வலுவோடு பாறையில் விழுந்தால்? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுதும் மல்லுக்கட்டியவர் அமெரிக்க நிலவியலாளர் யூஜீன் ஷூமேக்கர் (1928–1997).

அரிசோனா பாலைவனத்தில் சுமார் 1.2 கி.மீ. அகலத்தில் ஒரு பெரும் பள்ளம் உண்டு. 1891-ல் அதை ஆராய்ந்த கில்பர்ட், எரிமலை நீராவி வெடித்த இடம் என்றார். விண்கல் விழுந்த இடம் என்று நம்பிய பாரிஞ்சர், 1903 முதல் அடியில் இரும்பைத் தேடித் தோண்டினார். 1929-ல் இறக்கும்வரை அந்தப் பெரிய இரும்புப் பாளம் கிடைக்கவே இல்லை. யார் சொல்வது சரி?

ஷூமேக்கர் தேடியது இரும்பை அல்ல, அடியின் தடயத்தை. நெவாடாவில் அணுகுண்டு சோதனையால் உண்டான பள்ளங்களை அளந்தார். ஓரத்தில் பாறை அடுக்குகள் தலைகீழாகப் புரண்டு கிடந்தன. அரிசோனாவிலும் அச்சு அசல் அப்படியே!

அதோடு விட்டாரா மனுஷன்? 1953-ல் லோரிங் கோயஸ் என்ற வேதியியலாளர், குவார்ட்ஸை ஏறத்தாழ 20,000 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல் அழுத்தி ஒரு புதுப் படிகம் செய்திருந்தார். பெயர் கோயசைட். 1960-ல் எட்வர்ட் சாவ், ஷூமேக்கர், மேட்சன் மூவரும் அதே படிகம் அரிசோனாப் பள்ளத்துப் பாறையில் இருப்பதை அறிவித்தார்கள். தரைமட்டத்தில் எந்த எரிமலையாலும் அந்த அழுத்தத்தைத் தர முடியாது. வழக்கு முடிந்தது.

நிலவுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய கனவு. 1963-ல் அடிசன் நோய் என்று தெரிந்ததும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. சோர்ந்து உட்காரவில்லை, போகிறவர்களுக்கு நிலவியல் கற்றுக்கொடுத்தார். 1993-ல் மனைவி கரோலின், டேவிட் லெவி ஆகியோருடன் கண்டுபிடித்த வால்மீன் துண்டுகள், 1994 ஜூலையில் வியாழன் மேல் மோதியதை உலகமே பார்த்தது. 1997-ல் ஆஸ்திரேலியாவில் பள்ளங்களைத் தேடிப் போன பயணத்தில் கார் விபத்தில் மறைந்தார். அவரது அஸ்தியில் கொஞ்சம், லூனார் பிராஸ்பெக்டர் விண்கலத்தோடு 1999 ஜூலை 31-ல் நிலவைச் சேர்ந்தது.

தம்பி தங்கைகளே, மகாராஷ்டிராவில் லோனார் ஏரி இருக்கிறது. எரிமலைப் பாறையிலேயே விண்கல் குடைந்த பள்ளம் அது. அங்கும் 1970-களில் தீர்ப்புச் சொன்னது, அதிர்ச்சி அலையால் உருமாறிய கனிமங்கள்தான். லீவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். சும்மா கிடக்கும் கல்லுக்கும் ஞாபகசக்தி உண்டு. கேட்கத் தெரிந்தவரிடம் அது பேசும்.