ஈல்ஸ் நோய் ஆய்வும் விழித்திரை உயிரணு ஒட்டுதலும்

ஈல்ஸ் நோய் என்பது விழித்திரையின் சிரைகளில் அழற்சி தோன்றி, அவை அடைபட்டு, கண்ணுக்குள் மீண்டும் மீண்டும் இரத்தம் கசியும் நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு வருகிறது. உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் வயதில் பார்வை போய்விடுகிறது. மேலை நாடுகளில் அரிதாகிவிட்ட இந்நோய் இந்தியாவில் இன்றும் காணப்படுகிறது.

1880-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மருத்துவர் ஹென்றி ஈல்ஸ் இதை முதலில் விவரித்தார். நோயாளிகளுக்கு இருந்த மலச்சிக்கலும் மூக்கில் வடிந்த இரத்தமும்தான் அவர் கவனத்தை ஈர்த்தன; அழற்சியை அவர் குறிப்பிடவில்லை. பிற்காலத்தில் சந்தேகம் காசநோயின் மேல் விழுந்தது. சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள், நோயாளிகள் சிலரின் விழித்திரை மேல் படர்ந்த சவ்வில் காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ. இருப்பதை பி.சி.ஆர். முறையில் கண்டு 2000-இல் வெளியிட்டனர். முக்கியமான கண்டுபிடிப்புதான். ஆயினும் கிருமியின் தடயம் இருப்பதாலேயே இரத்தக்குழாய் ஏன் பழுதாகிறது என்பது விளங்கிவிடாது.

அதற்கான விடையின் ஒரு பகுதி உயிரணு வளர்ப்பிலிருந்து வந்தது. 1986-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், வளர்ப்புத் தட்டில் இருந்த மனிதத் தோல் உயிரணுக்களின் மேல் இன்டர்லூகின்-1, காமா இன்டர்ஃபெரான் ஆகிய அழற்சி மூலக்கூறுகளைச் சேர்த்தனர். சில மணி நேரத்தில் உயிரணுக்களின் மேற்பரப்பில் ஐகேம்-1 என்ற ஒட்டுப்புரதம் பெருகியது. வெள்ளையணுக்கள் அதைப் பற்றிக்கொண்டன. விழித்திரை நிறமி உயிரணுக்களும் இரத்தக்குழாயின் உட்சுவர் உயிரணுக்களும் இவ்வாறே நடந்துகொள்வது பின்னர் தெரியவந்தது. உட்சுவரில் ஒட்டிய வெள்ளையணுக்கள் மெல்லிய குழாய்களை அடைத்துவிடக்கூடும். சுவரின் உயிரணுக்களுக்கு இடையிலான பிணைப்பும் தளர்ந்தால் கசிவு உண்டாகிறது.

தமிழகத்தில் இத்துறைக்குப் பழைய வேர் உண்டு. வீ.ஆர். முத்துக்கருப்பன், ராபர்ட் அவர்பாக் என்பவருடன் சேர்ந்து எலியின் கருவிழியில் புதிய இரத்தக்குழாய் முளைப்பதைப் பற்றி 1979-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். பின்னாளில் மதுரை அரவிந்த் கண் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் அவர் பங்கேற்ற குழு, அறுவையின்போது கண்ணுக்குள்ளிருந்து அகற்றப்படும் கூழ்மத்தைச் சோதித்தது. ஈல்ஸ் நோயாளிகளிடமும் முற்றிய நீரிழிவு விழித்திரை நோயாளிகளிடமும் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, எம்.சி.பி-1 ஆகியவை மிகுந்திருந்தன. புதிய குழாய்களைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். கூடியும் அதைத் தடுக்கும் பி.இ.டி.எஃப். குறைந்தும் காணப்பட்டன. இம்முடிவுகள் 2008-இல் வெளியாயின.

இவ்விரு வகைச் சான்றுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். கூழ்மச் சோதனை நோயாளியின் கண்ணில் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. அது என்ன செய்கிறது என்பதை வளர்ப்புத் தட்டில்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடியும். ஆனால் அசையாத தட்டில் இரத்த ஓட்டம் இல்லை. உடலில் வெள்ளையணுக்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்தே ஒட்ட வேண்டியிருக்கிறது.