உறக்கத்தில் வந்த கொலையாளி

1984-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமெரிக்காவில் ஒரு திகில் திரைப்படம் வெளிவந்தது. 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' என்பது அதன் பெயர். 'எல்ம் தெருவில் ஒரு கொடுங்கனவு' என்று தமிழில் கூறலாம். வெஸ் கிரேவன் என்பவர் கதை எழுதி இயக்கியிருந்தார். ஃபிரெடி குரூகர் என்ற கொடியவன் பல குழந்தைகளைக் கொன்றவன். சட்டத்தின் ஓட்டை வழியே தண்டனையிலிருந்து தப்பியவன். ஊர்ப் பெற்றோர் கூடி அவனை எரித்துக் கொன்று விடுகிறார்கள். ஆண்டுகள் கழிந்த பின், அந்தப் பெற்றோரின் பிள்ளைகளுடைய கனவுகளில் அவன் தோன்றுகிறான். வெந்த முகம், பழைய தொப்பி, விரல்தோறும் கத்தி பொருத்திய கையுறை. கனவில் அவன் கொன்றால், படுக்கையில் கிடப்பவரும் இறந்து போவார். எனவே கதாநாயகி நான்சி காப்பியைக் குடித்துக் குடித்துக் கண் விழித்துக் கிடக்கிறாள்.

படம் பெரு வெற்றி பெற்றது. 1994-க்குள் இத்தொடரில் 7 படங்கள் வந்துவிட்டன. 2003-இல் வேறொரு திகில் தொடரின் கொலையாளியோடு ஃபிரெடி மோதும் படமும், 2010-இல் முதற் படத்தின் மறு ஆக்கமும் வந்தன. ஒவ்வொரு முறையும் ஃபிரெடி ஒழிந்தான் என்று எண்ணி மக்கள் அரங்கைவிட்டு வெளியேறினர். அடுத்த படத்தில் அவன் மீண்டும் வந்து நின்றான்.

கிரேவன் ஒரு காலத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். அறிவியல் செய்திகளையும் தம் தொழிலுக்குப் பயன்படுத்திக் கொண்டார். சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து இருந்தால் கண் அவற்றை ஏற்கத் திணறும் என்று 'சயண்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் படித்ததாகவும், அதனால்தான் ஃபிரெடிக்குச் சிவப்பும் பச்சையுமான பட்டைகள் கொண்ட கம்பளிச் சட்டை அணிவித்ததாகவும் அவர் கூறியுள்ளார். ஆனால் படத்தின் மூலக் கருத்து அவருடைய கற்பனையில் மட்டும் பிறந்ததன்று. அது நாளிதழ்ச் செய்தியிலிருந்து வந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்த இளைஞர்கள் உறக்கத்திலேயே இறந்து போவதாக 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' ஏட்டில் தாம் படித்த செய்திகளே கதைக்கு வித்திட்டன என்று கிரேவன் பல பேட்டிகளில் குறிப்பிட்டார். உறங்க அஞ்சிய ஓர் இளைஞன் பல நாள் விழித்திருந்து, இறுதியில் அயர்ந்து உறங்கியபோது அலறி இறந்தான் என்ற செய்தி அவர் மனத்தைவிட்டு நீங்கவில்லை.

அந்த இளைஞர்கள் யார்? அவர்களை உண்மையில் கொன்றது எது? இவ்வினாக்களுக்கு விடை காண மருத்துவ உலகிற்கு இருபதாண்டுக் காலம் பிடித்தது.

மலையிலிருந்து மாநகருக்கு

இறந்தவர்களில் பெரும்பாலோர் மோங் என்னும் இனத்தவர். லாவோஸ் நாட்டின் மலைப்பகுதிகளில் வேளாண்மை செய்து வாழ்ந்தவர்கள். 1960-களில் அமெரிக்க உளவு நிறுவனம் அந்நாட்டில் மறைமுகமாக நடத்திய போரில் மோங் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவின் சார்பில் போரிட்டனர். 1975-இல் பொதுவுடைமையர் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவர்கள் உயிர் பிழைக்க மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். அங்கிருந்து பல்லாயிரவர் அமெரிக்காவில் குடியேற்றப்பட்டனர்.

1977 முதல் இவர்களிடையே விந்தையான இறப்புகள் நிகழலாயின. நல்ல உடல்நலத்துடன் இருந்தவர் இரவு உண்டு உறங்கச் செல்வார். நள்ளிரவுக்குப் பின் அவரிடமிருந்து முனகலும் திணறும் மூச்சும் எழும், உடல் விறைக்கும். மனைவி எழுப்பினாலும் விழிப்பதில்லை. சில நிமிடங்களில் உயிர் பிரிந்துவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1981 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இத்தகைய 38 இறப்புகள் பதிவாயின. இறந்தவர்களின் இடைநிலை வயது 33. ஏறத்தாழ அனைவரும் ஆண்கள். 1980-களின் இறுதிக்குள் இந்த எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

பிணப் பரிசோதனையில் எதுவும் அகப்படவில்லை. நஞ்சு இல்லை, இரத்தக் குழாயில் அடைப்பு இல்லை, மூளையில் இரத்தக் கசிவு இல்லை. போரில் நச்சுப்பொருளை முகர்ந்ததன் விளைவா, உணவில் தயமின் என்ற வைட்டமின் குறைவா, புதிய நாட்டில் வாழும் மன அழுத்தமா என்றெல்லாம் ஐயுற்றனர். 'கொடுங்கனவு கண்டு அஞ்சி இறக்கிறார்கள்' என்ற எண்ணமும் செய்தித்தாள்களில் பரவியது.

பழைய பெயர்கள்

மோங் மக்களுக்கு இது முற்றிலும் புதியதன்று. இரவில் வந்து மார்பின் மேல் அமர்ந்து அழுத்தும் ஓர் ஆவியைப் பற்றி அவர்களிடம் நெடுங்கால நம்பிக்கை உண்டு. பிலிப்பைன்சில் இரவில் நேரும் இத்தகைய திடீர் இறப்பை 'பங்குங்கோட்' என்பர். அதைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 1917-லேயே வெளிவந்தது. ஜப்பானில் 'பொக்குரி', தாய்லாந்தில் 'லாய் தாய்' என்ற பெயர்கள் வழங்கின. இளம் ஆண்களைக் கணவராகக் கொள்ள விதவைப் பேய் வருகிறது என்று தாய்லாந்தின் வடகிழக்குச் சிற்றூர்களில் நம்பினர். அதை ஏமாற்றுவதற்காக ஆண்கள் நகச்சாயம் பூசி, பெண்களின் ஆடை அணிந்து உறங்குவதும் உண்டு. 1980-களில் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்த தாய்லாந்துத் தொழிலாளருள் 200-க்கு மேற்பட்டோர் இவ்வாறு இறந்தனர்.

நம் நாட்டிலும் 'அமுக்குவான் பேய்' என்ற பேச்சு உண்டு. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். கனவு மிகுந்த உறக்க நிலையில் நம் கண்மணிகள் இமைக்குள் வேகமாக அசையும். கை கால் தசைகளோ மூளையின் கட்டளையால் தளர்ந்து செயலற்றிருக்கும். இந்த உறக்க நிலையை அமெரிக்காவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல் அறிவித்தனர். தசைகள் விடுபடுமுன் மனம் மட்டும் விழித்துக்கொண்டால், அசைய முடியாமல் யாரோ அழுத்துவது போலத் தோன்றும். இது அச்சம் தருமே தவிர, தன்னளவில் உயிருக்குத் தீங்கு செய்வதில்லை. அகதிகளைக் கொன்றது வேறு.

ஆயினும் நாட்டுப்புற நம்பிக்கைகளில் பதிந்திருந்த செய்திகளைக் கவனியுங்கள். சாவது இளைஞர், பெரும்பாலும் ஆண், சாவு வருவது இரவில், அதற்கு முன் முனகல். பேய் என்ற விளக்கம் தவறு. ஆனால் கண்டறிந்து சொன்ன செய்திகள் அனைத்தும் சரியானவை. பின்னால் மருத்துவர் கண்ட உண்மையும் இவற்றோடு ஒத்து நின்றது.

அதே ஆண்டில் அகப்பட்ட தடயம்

படத்தில் நான்சியை ஓர் உறக்க ஆய்வகத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். தலையில் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிறார்கள். உண்மையான தடயமோ ஒன்றரைச் சாண் கீழே, மார்புக்குள் இருந்தது.

படம் வந்த அதே 1984-இல், சியாட்டில் நகர மருத்துவர்கள் ஒரு சிறு ஆய்வுரையை வெளியிட்டனர். இவ்வாறு வீழ்ந்த சில தென்கிழக்கு ஆசிய அகதிகளிடம் அவசர உதவிக் குழுவினர் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தனர். இதய மின்வரைவுக் கருவியை வைத்துப் பார்த்தபோது கீழறைகள் சுருங்கி விரியாமல், தாறுமாறாக நடுங்கிக் கொண்டிருந்தன. 'கீழறை நடுக்கம்' எனப்படும் இந்நிலையில் இதயம் இரத்தத்தை இறைப்பதில்லை. 1986-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இறந்தோரின் 18 இதயங்களை நுணுகிப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் மின்துடிப்பைக் கடத்தும் பாதையில் பிறழ்ச்சிகள் தென்பட்டன.

கொலையாளி மின்சாரத்தில் மறைந்திருந்தது. சாவோடு மின்னோட்டமும் நின்றுவிடுவதால், பிணப் பரிசோதனையில் அது சிக்கவில்லை.

இதயம் என்னும் மின்கலம்

இயற்பியல் பயிலும் மாணவர்கள் இங்கே சற்று நிற்கலாம். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லும் ஒரு சிறு மின்கலம். ஓய்வு நிலையில் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். இது மிகச் சிறிய அளவுதானே என்று தோன்றும். ஆனால் செல் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 8 நானோமீட்டர்தான். வகுத்துப் பார்த்தால் மின்புலச் செறிவு ஒரு மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கு மேல் வருகிறது. காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் இருந்தாலே மின்பொறி பாயும்!

இச்சவ்வில் புரதங்களால் ஆன நுண்ணிய வாயில்கள் உள்ளன. துடிப்புக்கான குறி வந்ததும் சோடியம் வாயில்கள் திறக்கும். சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, ஓரிரு மில்லிவினாடியில் உட்புற மின்னழுத்தத்தை உயர்த்தும். பின்னர்க் கால்சியம் அயனிகள் உள்ளே வருவதும் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவதும் சிறிது நேரம் ஈடுகட்டி நிற்கும். இறுதியில் செல் பழைய நிலைக்குத் திரும்பும். கீழறைச் செல்லில் இவை அனைத்தும் ஏறத்தாழ 0.3 வினாடியில் முடிந்துவிடும். கோடிக்கணக்கான செல்கள் ஒழுங்கான வரிசையில் இதைச் செய்வதால்தான் இதயம் ஒரே உறுப்பாகச் சுருங்குகிறது.

சோடியம் வாயில் பழுதுபட்டு, உட்பாயும் மின்னோட்டம் குறைந்தால் என்ன ஆகும்? சில செல்கள் முன்னதாகவே ஓய்வுக்குத் திரும்பிவிடும். பக்கத்துச் செல்கள் இன்னும் திரும்பியிரா. இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றும். வேறுபாடு உள்ள இடத்தில் மின்னோட்டம் பாயும் அல்லவா? துடிப்பு முன்னே செல்லாமல் திரும்பி வந்து, ஆற்றுச் சுழல் போல் அங்கேயே சுழலத் தொடங்கும். ஒரு சுழல் பலவாக உடையும். அதுவே கீழறை நடுக்கம்.

முகமூடி கழன்றது

ஸ்பெயின் நாட்டில் பிறந்த பெட்ரோ புருகாடா, ஜோசப் புருகாடா என்ற மருத்துவச் சகோதரர்கள், திடீர் இதய நிறுத்தத்திலிருந்து மீட்கப்பட்ட 8 பேரைப் பற்றி 1992-இல் எழுதினர். எண்மருக்கும் இதய அமைப்பில் குறை இல்லை. ஆனால் மின்வரைவில், வலப்புற மார்பின் மேல் எடுக்கப்படும் கோடுகள் தனித்தன்மையுடன் உயர்ந்து சரிந்தன. இது இன்று 'புருகாடா நோய்க்கூட்டு' எனப்படுகிறது. 1997-இல் தாய்லாந்தில், இரவுச் சாவிலிருந்து தப்பியவரும் அதற்கான அறிகுறிகள் உடையவருமாகிய 27 ஆண்களைச் சோதித்தனர். அவர்களுள் 16 பேரிடம் அதே மின்வரைவுச் சாயல் காணப்பட்டது. 1998-இல், புருகாடா நோயுள்ள சில குடும்பங்களில் சோடியம் வாயிலை ஆக்கும் எஸ்.சி.என்.5ஏ என்ற ஜீனில் பிழை இருப்பது தெரியவந்தது. இரவுச் சாவு நேர்ந்த சில ஆசியக் குடும்பங்களிலும் அதே ஜீனில் பிழை இருப்பது 2002-இல் உறுதியாயிற்று.

இரவில் ஏன்? உறக்கத்தில் வேகஸ் நரம்பின் ஆதிக்கம் மிகுந்து இதயத்துடிப்பு தளர்கிறது. அப்போது இக்குறை வலுக்கிறது. ஆண்களுக்கு ஏன்? ஆண்மைச் சுரப்பாகிய டெஸ்டோஸ்டிரோன் வெளிப்பாயும் மின்னோட்டத்தைக் கூட்டுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. கடுங்காய்ச்சலும் இந்நோயைத் தூண்டும்.

எல்லாம் விளங்கிவிட்டதாகக் கூற முடியாது. புருகாடா நோயாளர் பலரிடம் எந்த ஜீன் பிழையும் அகப்படுவதில்லை. மோங் மக்களிடையே 1981-இல் உச்சத்தை எட்டிய இறப்புகள் பின்னர்க் குறைந்தன. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஜீன்கள் மாறுவதில்லை. கலிஃபோர்னியாவில் மோங் குடும்பங்களோடு பேசி ஆராய்ந்த ஷெல்லி ஆட்லர் என்ற அறிஞர், ஊரையும் உறவையும் இழந்து, ஆவியைத் தணிக்கும் சடங்குகளைச் செய்ய வழியற்றுப்போன அச்சமும் பழுதுள்ள இதயங்களைத் தூண்டியிருக்கலாம் என்கிறார். உடற்குறையும் மனநிலையும் சேர்ந்தே அந்த இரவுகளை உருவாக்கின என்பது அவர் கருத்து.

விழித்திருப்பது மருந்தாகுமா?

படத்தில் நான்சிக்குக் கிடைத்த வழி விழித்திருப்பது ஒன்றே. அந்த அகதி இளைஞர்களுக்கும் அதுவே தோன்றியது. ஆனால் எவ்வளவு நாள் விழித்திருக்க இயலும்? உண்மையான காப்பு வேறிடத்தில் உருவாகிக் கொண்டிருந்தது. போலந்தில் பிறந்த மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய, இதய நடுக்கத்தை உணர்ந்து தானே மின்னதிர்ச்சி தரும் சிறு கருவி, 1980-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முறையாக ஒருவர் உடலில் பொருத்தப்பட்டது. பின்னர்த் தாய்லாந்தில் இரவுச்சாவு அபாயம் உள்ளவர்களுக்கு ஒரு சாராருக்கு மருந்தும் மற்றவர்களுக்கு இக்கருவியும் அளித்து ஒப்பிட்டனர். 2003-இல் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களில் 7 பேர் இறந்தனர். கருவி பெற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. அவர்களுக்கும் இரவில் இதய நடுக்கம் வந்தது. கருவி அதை அடக்கிவிட்டது.

வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. குடும்பத்தில் இளவயதினர் எவரேனும் உறக்கத்தில் காரணமின்றி இறந்திருந்தாலும், ஒருவருக்குக் காரணம் தெரியாத மயக்கம் வந்தாலும், 'காற்று கருப்பு அடித்துவிட்டது' என்று விட்டுவிடாமல் இதய மருத்துவரிடம் சென்று மின்வரைவு எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் உடனே தணிக்க வேண்டும்.

கத்திக் கையுறை அணிந்த ஃபிரெடியை உலகம் நன்கு அறியும். அவன் பிறக்கக் காரணமான லாவோஸ் மலை மக்களை அறிந்தவர் குறைவு. போரில் தப்பி, ஆற்றைக் கடந்து, அயல்நாட்டின் வாடகை வீடுகளில் உறங்கச் சென்ற அந்த இளைஞர்களின் மனைவியர், தாம் கண்டதையும் கேட்டதையும் உள்ளவாறே சொன்னார்கள். அதைப் பேய்க்கதை என்று தள்ளாமல் சில மருத்துவர்கள் குறித்துக் கொண்டதால்தான், இன்று அதே குறையோடு பிறந்த பலர் காலையில் கண் விழிக்கிறார்கள்.