பெல்ஃபாஸ்ட் மின்கம்பங்களில் மத்திய கிழக்கு

வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டில் ஃபால்ஸ் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. கத்தோலிக்கர்கள் வாழும் பகுதி. அதற்கு வடக்கே, நடந்தே போய்விடும் தூரத்தில், ஷாங்கில் ரோடு. இது பிராட்டஸ்டன்ட்கள் பகுதி. நடுவில் உயரமான மதில். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சமாதானச் சுவர்'. முதல் தெருவின் மின்கம்பங்களில் பாலஸ்தீனக் கொடி பறக்கும். இரண்டாவது தெருப் பக்கம் போனால் பிரிட்டிஷ் கொடியோடு சேர்த்து இஸ்ரேல் கொடி.

இதை முதலில் படங்களில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்புதான் வந்தது. காசாவுக்கும் இந்த மழை ஊருக்கும் நடுவில் ஒரு கண்டமே கிடக்கிறது. இந்த மின்கம்பங்களுக்கு அங்கே என்ன வேலை? அப்புறம் சில மாதங்கள் ராத்திரி வேலை முடிந்ததும் இதையே படித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு போய்விட்டது.

எல்லோரும் சொல்லும் சுலபமான விளக்கம் ஒன்று உண்டு. ஐரிஷ் தேசியவாதிகள் தங்களை பிரிட்டனால் ஆளப்பட்டவர்களாகப் பார்க்கிறார்கள், அதனால் பாலஸ்தீனர் பக்கம். பிராட்டஸ்டன்ட் விசுவாசிகள் (லாயலிஸ்ட் என்பார்கள்) தங்களைச் சுற்றிலும் எதிரிகள் சூழ்ந்த சிறு கூட்டமாகப் பார்க்கிறார்கள், அதனால் இஸ்ரேல் பக்கம். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது எப்போதும் இப்படியே இருந்தது என்று நினைத்தால் தப்பு. 80, 90 வருடம் பின்னால் போனால் படம் கிட்டத்தட்ட தலைகீழாகத் தெரிகிறது.

முதலில் அயர்லாந்தையும் பாலஸ்தீனத்தையும் உண்மையிலேயே கட்டிப்போட்ட கயிறுகளைச் சொல்கிறேன். ஆர்தர் பால்ஃபோர் என்றதும் நமக்கு 1917 நவம்பர் 2 தேதியிட்ட அறிக்கைதான் ஞாபகம் வரும். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய பிரிட்டன் ஆதரவு தரும் என்ற அந்தக் கடிதம். ஐரிஷ்காரர்களுக்கு அந்தப் பெயர் அதற்கு 30 வருடம் முன்பே தெரியும். 1887 முதல் 1891 வரை அயர்லாந்தை நிர்வகித்த தலைமைச் செயலர் அவர்தான். 1887ல் மிட்செல்ஸ்டவுன் என்ற ஊரில் குத்தகை விவசாயிகளின் கூட்டத்தில் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். அதிலிருந்து அவருக்கு 'ரத்தக்கறை பால்ஃபோர்' என்று பட்டப்பெயர்.

அடுத்தது போலீஸ். 1920-21 ஐரிஷ் சுதந்திரப் போரில் பிரிட்டன் அவசரமாக ஆள் எடுத்து அனுப்பிய படைக்கு 'பிளாக் அண்ட் டான்ஸ்' என்று பெயர் விழுந்தது. சீருடை முழுசாகக் கிடைக்காமல் பாதி காக்கி, பாதி கரும்பச்சையில் வந்ததால் அந்தப் பெயர். ஊர்களைக் கொளுத்தியவர்கள் என்று இன்றைக்கும் அயர்லாந்தில் அது வசைச்சொல். அயர்லாந்தில் சண்டை முடிந்ததும் இவர்களை என்ன செய்வது? 1922ல் பாலஸ்தீனத்துக்கென்று ஒரு பிரிட்டிஷ் ஜென்டார்மரி படை உருவானது. 700 பேருக்கு மேல். பெரும்பாலோர் அயர்லாந்து போலீஸிலிருந்து கலைக்கப்பட்டவர்கள். அயர்லாந்தில் அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஹியூ டியூடரும் பாலஸ்தீனத்துக்கே போனார். குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக அப்போது இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். எங்கள் தொழிலில் ஒரு ப்ராஜெக்ட் மூடினால் அதே டீமை அப்படியே அடுத்த ப்ராஜெக்டில் போடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி. பழைய பழக்கங்களும் கூடவே போகும்.

ஜெருசலேமின் பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த ரொனால்ட் ஸ்டோர்ஸ் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில், அரபு நாடுகளுக்கு நடுவே பிரிட்டனுக்கு விசுவாசமான ஒரு சின்ன 'யூத அல்ஸ்டர்' அமையும் என்ற எண்ணத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆக இரண்டு இடங்களையும் ஒப்பிடும் வேலையைத் தொடங்கியது ஃபால்ஸ் ரோட்டுப் பையன்கள் இல்லை, ஆட்சியில் இருந்த பிரிட்டிஷ்காரர்களேதான். பிரிவினையும் அப்படியே: அயர்லாந்தை 1920ல் சட்டம் போட்டுப் பிரித்தார்கள், பாலஸ்தீனத்துக்கு 1937ல் பீல் கமிஷன் அதே மருந்தை எழுதிக்கொடுத்தது.

இது வரைக்கும் கதை எதிர்பார்த்த திசையில்தான் போகிறது. இனிதான் திரும்புகிறது.

1930, 40களில் பிரிட்டனை எதிர்த்த ஐரிஷ் போராட்டத்தை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது யார்? பாலஸ்தீனத்திலிருந்த யூத ஆயுதக் குழுக்கள். லெஹி குழுவின் தலைவர்களில் ஒருவரான யிட்சாக் ஷமீர், பிற்பாடு இஸ்ரேல் பிரதமர் ஆனவர், தலைமறைவு வாழ்க்கையில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'மைக்கேல்'. ஐ.ஆர்.ஏ.வின் மைக்கேல் காலின்ஸ் ஞாபகமாக. டப்ளினில் ராபர்ட் பிரிஸ்கோ என்று ஒரு யூதர், ஐ.ஆர்.ஏ.வில் இருந்து ஆயுதம் கடத்தியவர், பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், 1956ல் டப்ளின் மேயர். சியோனிஸ்ட் தலைவர் ஜபோட்டின்ஸ்கி 1938ல் அயர்லாந்து வந்து அவரைச் சந்தித்தார், டி வலேராவையும் பார்த்தார்.

டி வலேராவே சுவாரசியமான ஆள். 1937ல் சர்வதேச சங்கத்தில் பாலஸ்தீனப் பிரிவினையை எதிர்த்துப் பேசினார். தன் நாட்டைப் பிரித்த கத்தியை அடையாளம் தெரிந்துகொண்டவர் பேசிய பேச்சு அது. அதே 1937ல் அவர் கொண்டுவந்த ஐரிஷ் அரசியல் சட்டம் யூத சமயச் சபைகளைப் பெயர் சொல்லி அங்கீகரித்தது. அந்த வருடத்து ஐரோப்பாவில் இது சின்ன விஷயம் இல்லை. 1966ல் இஸ்ரேலில், நாசரேத் பக்கத்தில், அவர் பெயரில் ஒரு காடே நட்டார்கள். (அயர்லாந்து யூதர்களிடம் எப்போதும் அன்பாக இருந்தது என்று இதை வைத்து எழுதிவிடக் கூடாது. 1904ல் லிமெரிக் நகரில் ஒரு பாதிரியார் தூண்டிவிட்டு யூதக் கடைகளைப் புறக்கணித்த சம்பவமும் இதே நாட்டில்தான் நடந்தது.)

எதிர்ப்பக்கம் பாருங்கள். 1946ல் ஜெருசலேமில் பிரிட்டிஷ் நிர்வாகம் இயங்கிய கிங் டேவிட் ஹோட்டலை இர்குன் குழு குண்டு வைத்துத் தகர்த்தது, 91 பேர் செத்தார்கள். அடுத்த வருடம் இரண்டு பிரிட்டிஷ் சார்ஜென்ட்களைத் தூக்கில் தொங்கவிட்டது. செய்தி வந்ததும் லிவர்பூல், மான்செஸ்டர், கிளாஸ்கோ நகரங்களில் யூதக் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. பிரிட்டிஷ் ராணுவத்தைத் தெய்வமாகக் கும்பிடும் ஷாங்கில் ரோட்டில் இன்றைக்குப் பறக்கும் கொடி, அந்த ராணுவத்தை விரட்டிவிட்டுப் பிறந்த நாட்டுடையது. கம்பத்தில் ஏறிக் கட்டும் பையனுக்கு இதெல்லாம் தேவையும் இல்லை.

எப்போது மாறியது? ஒரே நாளில் இல்லை. 1967 போருக்குப் பிறகு இஸ்ரேல் பிறர் நிலத்தை ஆக்கிரமித்து வைத்திருக்கும் நாடாக மாறியது; அயர்லாந்தில் பார்வை நகரத் தொடங்கியது. 1978 முதல் தெற்கு லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் ஐரிஷ் சிப்பாய்கள். அங்கே உயிர்விட்டவர்கள் 40க்கு மேல். சின்ன நாட்டில் எல்லோருக்கும் யாராவது ஒருவர் வழியாக அந்த லெபனான் தெரியும். 1980ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக நாடுகளிலேயே முதலாவதாக பாலஸ்தீனரின் தன்னாட்சி உரிமைக்குக் குரல் கொடுத்தது அயர்லாந்து அரசு. வடக்கில், 1982 வாக்கில் மேற்கு பெல்ஃபாஸ்ட் சுவர் ஒன்றில் ஐ.ஆர்.ஏ.வும் பி.எல்.ஓ.வும் ஒன்றாக ஆயுதம் ஏந்தி நிற்கும் ஓவியம் வந்துவிட்டது.

மதிலுக்கு அந்தப் பக்கம் இதைப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? எதிரிக்கு நண்பன் பி.எல்.ஓ. என்றால் பி.எல்.ஓ.வின் எதிரி நமக்கு நண்பன். கணக்கு அவ்வளவுதான். ஆனால் கணக்கு மட்டும் போதாது, அடியில் பழைய ஈரமும் இருந்தது. அல்ஸ்டர் பிராட்டஸ்டன்ட்களின் மூலக்கதை ஒரு முற்றுகைக் கதை: 1689ல் டெரி நகரக் கதவுகளை அடைத்துக்கொண்டு 105 நாள் தாக்குப்பிடித்தது. வருடாவருடம் அதற்கு ஊர்வலம். பழைய ஏற்பாட்டைப் படித்து வளர்ந்த சமூகம். 1912ல் சுயாட்சியை எதிர்த்து லட்சக்கணக்கானோர் கையெழுத்துப் போட்ட ஆவணத்துக்கு அவர்கள் வைத்த பெயரே 'உடன்படிக்கை'. வாக்களிக்கப்பட்ட நிலம், சூழ்ந்த பகைவர் என்ற மொழி அவர்களுக்கு அந்நியமாகப் படவில்லை. இதிலும் ஒரு கோணல்: 1987-88ல் இந்த விசுவாசி ஆயுதக் குழுக்களுக்கு வந்த பெரிய துப்பாக்கிச் சரக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? லெபனானிலிருந்து.

ஆனாலும் இஸ்ரேல் கொடி தெருத்தெருவாகப் பறக்கத் தொடங்கியது 2002ல்தான். இந்தத் தேதி என்னை ரொம்ப நாள் உறுத்தியது. 30 வருடச் சண்டையில், 3,500 பேருக்கு மேல் செத்த காலத்தில் ஓவியம் உண்டு, கோஷம் உண்டு. கம்பத்துக்குக் கம்பம் இந்த இரண்டு கொடிகள் இல்லை. 1998ல் புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தாகி நான்கு வருடம் கழித்து வருகிறது. அந்த நேரம் இரண்டாவது இன்டிஃபாதா உச்சத்தில் இருந்தது என்பது ஒரு காரணம், சரி. ஆனால் என் வாசிப்பு வேறு. சொந்தச் சண்டையை வெளிப்படையாகக் கொண்டாட முடியாத காலம் வந்துவிட்டது. தலைவர்கள் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐ.ஆர்.ஏ. கொடியையோ விசுவாசிக் குழுக் கொடியையோ ஏற்றினால் அது பிரச்சினை. வேறொரு நாட்டின் கொடியை ஏற்றினால்? அதே செய்தி, அதே எல்லைக்கோடு, கேட்டால் 'மத்திய கிழக்குக்கு ஆதரவு' என்று சொல்லிக்கொள்ளலாம். இரவல் போர் வசதியானது. சாவு விழுவது வேறு ஊரில்.

இப்படிச் சொன்னால் ஃபால்ஸ் ரோட்டில் கொடி பிடிப்பவர்கள் எல்லாம் நடிக்கிறார்கள் என்று அர்த்தமாகிவிடும். அது அநியாயம். பத்து லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் செத்த 1840களின் பஞ்சம் ஐரிஷ் குடும்பங்களில் இன்னும் பேசப்படுகிற விஷயம். காசாவில் பசி என்ற செய்தி அங்கே வெறும் செய்தியாகக் காதில் விழாது. 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதும் ஷாங்கில் ரோட்டில் ஒரு அம்மாவுக்கு ஐ.ஆர்.ஏ. குண்டில் செத்த தன் பிள்ளை ஞாபகம் வந்தால், அதையும் நடிப்பு என்று தள்ள நான் யார்? அதற்குப் பிறகு காசாவில் செத்த பல்லாயிரம் பேரைப் பார்த்து மதிலின் இரண்டு பக்கத்திலும் தூக்கம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். எல்லா பிராட்டஸ்டன்ட்களும் இஸ்ரேல் பக்கம் என்பதும் பொய்தான்.

இரவல் எப்போதாவது நிஜமான ஒன்றைச் செய்யும் என்பதற்கு கிளாஸ்கோ உதாரணம். அங்கே செல்டிக் கால்பந்துக் குழு ஏழை ஐரிஷ் கத்தோலிக்கக் குடியேறிகளுக்காகத் தொடங்கியது. எதிர்க்குழு ரேஞ்சர்ஸ் ரசிகர்களிடம் இஸ்ரேல் கொடியைப் பார்க்கலாம். 2016 ஆகஸ்டில் இஸ்ரேலின் ஹபோயெல் பீர்ஷேவா குழுவோடு ஆட்டம். செல்டிக் ரசிகர்கள் பாலஸ்தீனக் கொடிகளோடு வந்தார்கள். யூஈஎஃப்ஏ 10,000 யூரோ அபராதம் போட்டது. அந்தத் தொகைக்கு ஈடாகப் பாலஸ்தீன அமைப்புகளுக்குக் கொடுப்போம் என்று ரசிகர்கள் வசூலித்ததில் 1,70,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதில் ஒரு பங்கு பெத்லகேம் ஐடா அகதிகள் முகாமுக்குப் போய், 'ஐடா செல்டிக்' என்று பிள்ளைகளின் கால்பந்து அணியாக ஆனது.

தெற்கே அயர்லாந்து அரசு 2024 மே 28ல் நார்வே, ஸ்பெயினோடு சேர்ந்து பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது. அந்த டிசம்பரில் இஸ்ரேல் தன் டப்ளின் தூதரகத்தை மூடுவதாக அறிவித்தது. பத்திரிகைகளில் நிறைய வந்த விஷயம், நீட்டவில்லை.

இந்தக் கொடிகளுக்கு நடுவில் நிஜமாகவே பெல்ஃபாஸ்டில் வாழ்ந்த யூதர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் எனக்குக் கடைசியில் மிஞ்சிய விஷயம். லினன் வியாபாரி சர் ஓட்டோ ஜாஃபே 1899லும் 1904லும் இந்த ஊர் மேயர். முதல் உலகப் போரில், ஜெர்மனியில் பிறந்தவர் என்பதற்காக ஊரே முகம் திருப்பிக்கொள்ள, 1916ல் கிளம்பிப் போனார். வடக்கு பெல்ஃபாஸ்டில் கிளிஃப்டன்பார்க் அவென்யூவில் ஒரு ராபியின் வீட்டில் 1918ல் பிறந்த குழந்தை ஹைம் ஹெர்ட்சாக். இஸ்ரேலின் ஆறாவது ஜனாதிபதி. இப்போதைய ஜனாதிபதி ஐசக் ஹெர்ட்சாக் அவர் மகன். அந்த வீட்டில் நினைவுப் பலகை ஒன்று இருந்தது. 2014 காசா போரின்போது வீட்டின் மேல் தாக்குதல் நடந்ததால் பலகையைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அங்கே மிச்சமிருக்கும் யூத சமூகம் இன்றைக்கு ரொம்பச் சின்னது. மதிலின் இரு பக்கக் கொடிகளில் எதையும் அவர்களிடம் கேட்டு யாரும் ஏற்றவில்லை.

ஃபால்ஸ் ரோட்டிலேயே 1869ல் திறந்த நகரக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதைத் திட்டமிட்டபோது கத்தோலிக்கப் பிணங்களும் பிராட்டஸ்டன்ட் பிணங்களும் கலந்துவிடக் கூடாது என்று பூமிக்கடியில் ஒரு சுவர் கட்டினார்கள். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. யூதர்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார்கள், ஹீப்ரு எழுத்துப் பொறித்த பழைய வாசலோடு. 2016 ஆகஸ்டில் யாரோ உள்ளே புகுந்து 13 கல்லறைக் கற்களைச் சாய்த்துவிட்டுப் போனார்கள்.