பிரிக்பீல்ட்ஸ் இலையும் கிள்ளான் இலையும்

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்தது. அதற்குப் பிறகு, சும்மா ஒரு வாரம் போய்வரலாம் என்று திருச்சியிலும் சென்னையிலும் விமானம் ஏறும் கணவன் மனைவியரை நிறையவே பார்க்கிறேன். இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங் ஆகிய மூன்றும் எல்லார் திட்டத்திலும் இருக்கும். சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: “லிட்டில் இந்தியா போயிடுங்க.” எந்த லிட்டில் இந்தியா என்று சொல்ல மாட்டார்கள். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியைத் தள்ளிவைத்தாலும், கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தப் பெயருக்கு உரிய தெருக்கள் இரண்டு உண்டு. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை, கிள்ளானில் தெங்கு கிளானா சாலை.

நாங்கள் இரண்டு இடத்திலும் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரருக்கு மீனோ கறியோ இல்லாமல் சோறு இறங்காது; நான் சைவம். இந்த இரண்டு வயிறும் ஒரே மேசையில் நிறைய வேண்டும் என்பதுதான் எங்கள் அளவுகோல். தம்பதியாகப் பயணம் போகிறவர்களில் பாதிப்பேருக்கு இதே சிக்கல் இருக்கும் என்பதால் இதையே ஒப்பீட்டுக்கும் வைத்துக்கொள்கிறேன்.

எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் வந்துபோகிறவர்களுக்குச் சமைக்கிறது. கிள்ளான் குடியிருப்பவர்களுக்குச் சமைக்கிறது. ருசியிலும் விலையிலும் பரிமாறும் வேகத்திலும் நான் கண்ட வேற்றுமையெல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

இதன் வேர் பழையது. இரண்டு ஊரையும் பிணைத்தது ரயில். சிலாங்கூர் மாநிலத்தின் முதல் ரயில் பாதையே கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கப் போட்டதுதான். 1886-இல் திறந்தபோது கிள்ளான் ஆற்றுக்கு இக்கரையில் புக்கிட் கூடா வரைதான் வண்டி ஓடியது. ஆற்றுப் பாலம் 1890-இல் வந்தது. 1901-இல் கிள்ளானுக்கு அருகே சுவெட்டன்ஹம் துறைமுகம் திறந்ததும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய தமிழர் பலர் அங்கே இறங்கினார்கள். தோட்டத்துக்கு எழுதிக்கொடுத்தவர்கள் கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் காடுகளுக்குப் போனார்கள். ரயில்வேயில் வேலை கிடைத்தவர்கள் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளுக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் வந்தவர்களுக்கும் பிரிக்பீல்ட்ஸ்தான் இடம். ஸ்காட் சாலையில் அவர்கள் கட்டிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில் இன்றும் இருக்கிறது. ஒரு பக்கம் சம்பளக் குமாஸ்தாவின் வீட்டுச் சமையல், மறுபக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து அடுப்பு.

பிரிக்பீல்ட்ஸின் அந்தப் பழைய வீட்டு அடுப்புகள் பெரும்பாலும் அணைந்துவிட்டன. பழைய ரயில்வே யார்டு நிலத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. அதைச் சுற்றி விடுதிகளும் அலுவலகக் கோபுரங்களும் வந்தன. நூறு வீடுகள் என்று எல்லாரும் சொல்லிவந்த பழைய ரயில்வே குடியிருப்பும் இடிபட்டது. 2010 அக்டோபரில் மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து லிட்டில் இந்தியாவைத் தொடங்கிவைத்தார்கள். 2015-இல் இந்தியா பரிசாகக் கொடுத்த தோரண வாயிலைத் திறக்க மோடி வந்தார். இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கூடித் தெருவுக்கு லிட்டில் இந்தியா என்று பெயர் சூட்டும் காலம் வந்தபோது, அங்கே குடியிருந்தவர்களில் பலர் வேறிடம் போய்விட்டிருந்தார்கள். இப்போது அங்கே மதியம் பந்தியில் உட்காருகிறவர்கள் அலுவலக ஊழியர்களும் எங்களைப் போன்ற பயணிகளும்தான்.

இது குறையென்று சொல்லவில்லை. பயணிக்கு இதில் வசதி நிறைய. பெட்டியை விடுதியில் வைத்துவிட்டு நடந்தே போகலாம். விஷால், ஸ்ரீ பாண்டி போன்ற பெயர்பெற்ற கடைகளில் பன்னிரண்டரை மணிக்கு இடம் பிடிப்பது கடினம்; ஆனால் இலை விழுந்த மறுநிமிடம் சோறு விழும். புழுங்கலா பச்சரிசியா என்று கேட்பார்கள். பரிமாறும் தம்பிகளில் சிலரின் பேச்சில் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் கேட்கும். எங்களிடம் ஒருவர் கேட்டது “சார், வெஜ்ஜா நான்வெஜ்ஜா?” என்றுதான்; மலேசியத் தமிழர் அப்படிக் கேட்பதில்லை.

அடுப்படியிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டுச் சமையல்காரர்கள் இல்லாமல் இந்த உணவகங்கள் ஓடாது. 2018-இல் மனிதவள அமைச்சராக இருந்த எம். குலசேகரன், உணவகங்களில் இனி உள்ளூர்ச் சமையல்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று அறிவித்தார். முதலாளிகள் கொதித்தெழுந்தார்கள், திட்டம் அந்த வடிவில் நடக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் சமையல்காரர் தம் கைப்பக்குவத்தையும் கொண்டுவந்துவிடுகிறார். பிரிக்பீல்ட்ஸில் நான் சாப்பிட்ட சாம்பார் நன்றாகவே இருந்தது. அதே சாம்பார் எனக்குத் திருச்சி தில்லைநகரிலும் கிடைக்கும்.

கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். நிலையத்தை விட்டு இறங்கினால் தெங்கு கிளானா சாலை நடை தூரந்தான். பூக்கடை, நகைக்கடை, எவர்சில்வர் பாத்திரக்கடை, புடவைக்கடை. பிரிக்பீல்ட்ஸின் வண்ண வளைவுகள் இங்கே இல்லை. வியாபாரம் மட்டும் இரண்டு மடங்கு. கேரித் தீவு முதல் காப்பார் வரை தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் மளிகைக்கும் சீர்வரிசைக்கும் இந்தத் தெருவுக்குத்தான் வந்தார்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு அந்தக் குடும்பங்களில் பல நகரத்துக்கே குடிவந்துவிட்டன. 1941-இல் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளரின் வட்டாரம் இது. கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அவர்கள் கோரிக்கை. அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் இன்று இங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் பந்தியில் உட்காருகிறார்கள்.

இனி இலைக்கு வருவோம். மலேசியாவின் வாழையிலைச் சாப்பாடு தமிழ்நாட்டு மீல்ஸ் போன்றது என்று நினைத்துப் போனால் முதல் நாள் குழப்பம்தான். நம்மிடம் சாம்பார், ரசம், மோர் என்று வரிசை உண்டு. அங்கே வரிசை கிடையாது. சோறு, மூன்று காய், அப்பளம், மோர் மிளகாய், மேலே குழம்பு. அந்தக் குழம்பு பருப்பாக இருக்கலாம், கோழிக் குழம்பாகவும் மீன் குழம்பாகவும் இருக்கலாம்; துண்டு இருக்காது, சாறு மட்டும். வாளியோடு வருகிறவர் நம் முகத்தைப் பார்ப்பதற்குள் ஊற்றிவிடுவார். சைவம் உண்பவர்கள் உட்கார்ந்ததும் “சைவம்” என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு ஊரிலும் இதுவே முதல் பாடம்.

ஆனால் இதே அமைப்புத்தான் எங்களைப் போன்ற தம்பதிக்கு வரம். அடிப்படை இலை இருவருக்கும் ஒன்று. அதில் சோறும் காயும் எத்தனை முறை கேட்டாலும் கூடுதல் காசில்லை. கறியும் மீனும் தனித் தட்டில், தனி விலையில். அவர் தமக்கு வேண்டியதைத் தருவித்துக்கொள்ள, நான் பாகற்காய்ப் பொரியலை இன்னொரு கை வாங்கிக்கொள்ள, யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நம் ஊரில் சைவ ஓட்டல், அசைவ ஓட்டல் என்று வாசலிலேயே வீட்டை இரண்டாக்கிவிடுகிறார்கள்.

ஊர் வேற்றுமை அந்தத் தனித் தட்டில்தான் துலங்கும். பிரிக்பீல்ட்ஸில் வறுத்த கோழி, மட்டன் சுக்கா, வஞ்சிரம் வறுவல், மிளகு நண்டு எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக இருக்கும். பெயரும் ருசியும் நமக்குப் பழகியவை. கிள்ளானில் நாங்கள் உட்கார்ந்த கடைகளில் பெரட்டல்தான் ராஜா. கோழிப் பெரட்டல், ஆட்டிறைச்சிப் பெரட்டல், கணவாயைச் சொத்தோங் என்று சொல்லி அதிலும் ஒரு பெரட்டல். பட்டையும் அன்னாசிப் பூவும் தூக்கலாக இருக்க, உள்நாட்டு மசாலாத்தூளின் கருஞ்சிவப்பு எண்ணெயோடு திரண்டு நிற்கும். சில இடங்களில் கறுப்புச் சோயா சாற்றின் மெல்லிய இனிப்பும் தட்டும். சீனர் மளிகையில் கடன் வாங்கிச் சமைத்த தோட்டத்து அடுப்பில் அது ஏறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். என் வீட்டுக்காரர் ஒரு வாய் போட்டுவிட்டு, “இது நம்ம ஊரு இல்லை, ஆனா வேற ஊரும் இல்லை” என்றார். அதைவிடச் சரியாக என்னால் எழுத முடியாது.

சைவத்துக்கும் கிள்ளானே ஒரு படி மேல். அன்னாசிப் பச்சடி, பரங்கிக்காய்க் கூட்டு, நெத்திலி போடாமல் எனக்காகத் தனியாக வதக்கித் தந்த கீரை. பரிமாறிய அம்மா என் இலையைப் பார்த்துக்கொண்டே, “ஊர்லேருந்தா வந்திருக்கீங்க? ரசம் குடிச்சுப் பாருங்கம்மா, நான் வச்சது” என்றார். வைத்தவரே பரிமாறும் கடைகள் அந்தத் தெருவில் இன்னும் மிச்சமிருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் கூட்டத்தின் வேகத்துக்கு அது கட்டாது.

சைவத்தில் பிரிக்பீல்ட்ஸின் பக்கம் ஓர் எடையை வைத்தாக வேண்டும்: பெர்ஹாலா சாலையில், நுண்கலைக் கோயில் என்னும் கலை நிறுவனத்தோடு சேர்ந்த அன்னலட்சுமி. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிவந்தவர்கள் நடத்துவது. விரும்பிய அளவு உண்டு, மனம் போல் கொடுங்கள் என்ற கொள்கையில் தொடங்கப்பட்டது. இதற்கு ஈடாகக் கிள்ளானில் நான் ஒன்றும் காணவில்லை.

பணத்தைப் பற்றி. அங்கே தமிழர் வாயில் ரிங்கிட் என்பதில்லை, வெள்ளிதான். அடிப்படை இலை இரண்டு ஊரிலும் பத்திலிருந்து பதினைந்து வெள்ளிக்குள் அடங்கிவிடும். இலையைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள். கையைக் கடிப்பது தனித் தட்டு. ஒரு கடையில் நண்டைக் காட்டினார்கள், விலையைச் சொல்லவில்லை. பில்லில் அந்த ஒரு நண்டு எங்கள் இருவர் இலைக்கும் சேர்த்த தொகையைத் தாண்டியிருந்தது. நண்டு, இறால், மீன்தலை மூன்றையும் விலை கேட்காமல் தொடாதீர்கள். ஆண்டு வரவு 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்கள் 6 விழுக்காடு சேவை வரி போட வேண்டும் என்பது சட்டம். பிரிக்பீல்ட்ஸின் பெரிய கடைகளின் ரசீதில் அது இருக்கும். கிள்ளானின் சிறு கடைகளில் பெரும்பாலும் இருக்காது. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இரண்டு இடத்திலும் இல்லை.

காலையில் பசியாறுவதற்கு? தோசையும் இட்லியும் வேண்டுமென்றால் பிரிக்பீல்ட்ஸ், சந்தேகமே இல்லை. ஆனால் கிள்ளான் நிலையத்துக்கு எதிரே சொங் கோக் என்று 1940 முதல் நடக்கும் சீனர் காப்பிக்கடை ஒன்று உண்டு. அங்கே வாட்டிய ரொட்டி, தேங்காய்ப்பாலில் கிண்டிய காயா ஜாம், அரைவேக்காட்டு முட்டை, கெட்டிக் காப்பி. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அடுத்தடுத்த மேசையில் இருந்தார்கள். பாக் குட் தே என்னும் பன்றி விலாச் சாறு பிறந்த ஊர் என்றும் கிள்ளான் உரிமை கொண்டாடுகிறது. துறைமுகக் கூலிகளின் காலை உணவாக இருந்த அதை 2024-இல் மலேசியா தேசிய மரபு உணவுப் பட்டியலில் சேர்த்தபோது நாடே இரண்டுபட்டு விவாதித்தது. வேண்டாதவர்களுக்குக் கோழியில் செய்து தரும் கடைகளும் உண்டு.

மாலைத் தின்பண்டத்தில் பிரிக்பீல்ட்ஸ் ஜெயிக்கிறது. தம்பிப்பிள்ளை சாலையோரத்துச் சீனர் ஒட்டுக்கடையில் வாங்கிய வாழைப்பழப் பொரியைக் காகிதப் பையோடு நின்றே தின்று தீர்த்தோம். தே தாரேக் இரண்டு ஊரிலும் நம் நாக்குக்குச் சர்க்கரைப் பாகுதான். “கூராங் மானிஸ்” என்று சொன்னால் இனிப்பைக் குறைப்பார்கள், அப்போதும் டின் பால் இருக்கும்.

ஆக, இரண்டில் எது? தனிமை வேண்டும் தம்பதிக்கு பிரிக்பீல்ட்ஸ். இருவர் மேசை கிடைக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், விடுதியும் பக்கம். கிள்ளானில் இரண்டு பேராக உட்கார்ந்தால் பக்கத்து மேசைக் குடும்பம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு என் தீர்ப்பு கிள்ளான். கடல் கடந்து போய் நம் ஊர்ச் சமையல்காரர் கையாலேயே நம் ஊர்ச் சாம்பாரைச் சாப்பிட்டுத் திரும்புவதற்கு அவ்வளவு டிக்கெட் செலவு தேவையில்லை. போகிறவர்கள் வாரநாளில், பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் இடம் கிடைக்காது.