தங்கச் சேர்மங்கள் (மருத்துவம்)

தங்கம் கந்தகம், பாஸ்பரஸ், கார்பன் முதலியவற்றோடு கூடி உண்டாகும் சேர்மங்களுள், நோய்க்கிருமிகளையும் புற்றுநோய் உயிரணுக்களையும் அழிக்கும் சக்தியுடையனவாக ஆராயப்படுபவை இங்கு விவரிக்கப்படுகின்றன.

வரலாறு: க்ஷயரோகக் கிருமியைக் கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக், தங்க சயனைடு சோதனைக் குழாயில் அக்கிருமியின் விருத்தியை மிகச் சொற்ப அளவிலேயே தடுக்கிறதென 1890-இல் அறிவித்தார். டென்மார்க்கில் மோல்கார்டு 1924-இல் புகுத்திய 'சானோகிரைசின்' என்னும் தங்க உப்பு, பின்னர் க்ஷயத்துக்குரிய ஔஷதமாகப் பல நாடுகளில் வழங்கலாயிற்று. ஆயினும், அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை அடுத்த சானடோரியம் ஒன்றில் ஆம்பர்சனும் அவர் சகாக்களும், நோயின் கடுமையில் ஒத்த 24 பேரை இரு சம பிரிவாக்கி, காசு சுண்டித் தீர்மானித்து, ஒரு பிரிவினருக்கு அம்மருந்தையும் மற்றவர்க்கு வடிநீரையும் ஊசி வழியே ஏற்றிப் பார்த்து, நன்மை காணவில்லை, நச்சு விளைவே மிகுதி என 1931-இல் வெளியிட்டனர். இதற்கிடையே, முடக்குவாதத்துக்கும் க்ஷயத்துக்கும் சம்பந்தம் உண்டென்று கருதித் தங்கத்தைக் கையாண்ட பிரெஞ்சு வைத்தியர் ஃபோரெஸ்டியேயின் அனுபவம் 1929-இல் வெளிவந்தது. காரணம் பிழையாயினும் பலன் கிட்டிற்று. வாயால் உட்கொள்ளும் 'ஆரனோஃபின்' அவ்வழி வந்து, 1985-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

செயல்முறை: தங்கத்துக்குக் கந்தகத்தின்மீதும், அதனினும் மேலாகச் செலினியத்தின்மீதும் பற்று அதிகம். ஆக்சிஜனால் விளையும் சேதத்தினின்று உயிரணுவைக் காக்கும் தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்னும் நொதி, மனித உடலில் செலினியத்தைத் தன் செயலிடத்தில் தாங்கியிருப்பதால், ஆரனோஃபின் அதனைப் பற்றி முடக்கிவிடுகிறது. இக்காவலைப் பெரிதும் நம்பி வாழும் புற்றுநோய் உயிரணுக்கள் அதனால் மடிகின்றன. சீதபேதி அமீபாவும், மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸும் சோதனைகளில் இம்மருந்துக்குப் பணிந்தன. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களோ புறச்சவ்வின் காப்பினால் பெரும்பாலும் தப்புகின்றன.

மும்மதிப்புத் தங்கச் சேர்மங்கள், புற்றுநோய்க்கு வழங்கும் சிஸ்பிளாட்டினைப் போன்றே தட்டையான சதுர அமைப்புடையனவாதலால் கவனத்தை ஈர்த்தன. உடலில் அவை எளிதில் ஒடுக்கமுற்றுச் சிதைவதால், பார்ஃபிரின் போன்ற உறுதியான வளையங்களுள் தங்கத்தைப் பிணைத்து ஆராய்கின்றனர்.

குறைபாடுகள்: இரத்தத்தில் புகுந்த தங்கம் ஆல்புமின் புரதத்தோடு விரைவில் ஒட்டிக்கொள்வதால், குழாயில் கண்ட வீரியம் நோயாளியிடத்தில் அப்படியே வெளிப்படுவதில்லை. பேதி, தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம் இறங்குதல், இரத்த அணுக் குறைவு ஆகியன அறியப்பட்ட தீங்குகள். ஆரனோஃபின் அங்கீகாரம் பெற்றது முடக்குவாதத்துக்கேயாம். புற்றுநோய்க்கும் தொற்றுநோய்க்கும் தங்கச் சேர்மங்கள் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்திலேயே உள்ளன.