வீட்டிலேயே முடியை கர்ல் பண்ணணுமா? உங்க முடிக்கு எந்த முறை செட் ஆகும்?

நாளைக்குச் சாயங்காலம் தோழியின் ரிசப்ஷன். பார்லரில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. அக்காவிடம் கடன் வாங்கிய கர்லிங் மெஷினை வைத்து ஒரு மணி நேரம் முடியைச் சுற்றியாச்சு. ஆனா மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சுருள் எல்லாம் அவிழ்ந்து, பழையபடி நேராகத் தொங்குது. சரி, சூட்டைக் கூட்டி இன்னொரு ரவுண்டு சுற்றலாம் என்றால் கருகிய வாடை வருது.

இந்த அனுபவம் நிறைய பேருக்கு இருக்கும். சூடு போதவில்லை என்றுதான் எல்லாரும் நினைப்போம். உண்மையில் முடி எப்படிச் சுருள்கிறது என்று தெரிந்துகொண்டால், மெஷினே இல்லாமலும் சமாளிக்கலாம். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முடி எப்படிச் சுருள்கிறது?

நம் முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. முடி நனைந்தாலோ சூடு பட்டாலோ இந்தப் பிணைப்புகள் விட்டுப்போகும். காயும்போது அல்லது ஆறும்போது முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அதே வடிவத்தில் மறுபடி சேர்ந்துகொள்ளும். ராத்திரி பின்னல் போட்டுத் தூங்கி, காலையில் அவிழ்த்தால் முடி நெளி நெளியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும்.

* எந்த முறையாக இருந்தாலும், முடி முழுசாகக் காயும் வரை அல்லது ஆறும் வரை அவிழ்க்கக் கூடாது.
* காற்றில் இருக்கும் ஈரமே சுருளை அவிழ்த்துவிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் கர்ல் சீக்கிரம் விழுவது இதனால்தான். அங்கே இருப்பவர்கள் முடிவில் கொஞ்சம் செட்டிங் ஸ்பிரே அடித்துக்கொள்வது நல்லது.

முதல்ல இந்த டெஸ்ட் பண்ணிப் பாருங்க

கர்ல் பண்ணும் முன், உங்க முடி ஏற்கெனவே சுருட்டையா என்று பாருங்க. "இது என்ன கேள்வி, எனக்குத் தெரியாதா?" என்று தோன்றலாம். ஆனா சின்ன வயதிலிருந்து எண்ணெய் வைத்து, படிய வாரி, ரெட்டை ஜடை போட்டே பழகிய பலருக்கு இது தெரியாது. காய்ந்த முடியைச் சீப்பால் வாரும்போது சுருள் பிரிந்து உப்பிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு "எனக்குப் பரட்டை முடி" என்று ஒதுக்கிவிடுவோம்.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். தலைக்கு ஷாம்பூ போட்டுக் குளித்து, கண்டிஷனர் இருக்கும்போதே ஈர முடியில் சிக்கு எடுத்துவிடுங்க. அலசிய பிறகு சீப்பு போடாதீங்க. டவலால் தேய்க்காமல், பழைய காட்டன் டி-ஷர்ட்டால் ஒற்றி எடுத்து அப்படியே காயவிடுங்க. காய்ந்த பிறகு அலையாகவோ சுருளாகவோ நின்றால், உங்களுக்குக் கர்லிங் மெஷின் செலவே தேவையில்லை. ஈரமாக இருக்கும்போது கொஞ்சம் ஜெல் தடவி, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கையால் கசக்கிவிட்டாலே போதும்.

நேராகவே காய்கிறதா? அப்போ கீழே இருக்கும் முறைகளில் ஒன்றைத் தேர்வு பண்ணுங்க.

1. பின்னல்

யாருக்கு: ராத்திரி முழுக்க நேரம் இருப்பவர்களுக்கு, குழந்தைகளுக்கு, உடையும் முடி இருப்பவர்களுக்கு.

முடி லேசான ஈரத்தில் இருக்கும்போது பின்னுங்க. சொட்டச் சொட்ட ஈரத்தோடு பின்னினால், காலையிலும் உள்ளே ஈரம் இருக்கும், கர்லும் நிற்காது. இரண்டு பின்னல் போட்டால் பெரிய அலை வரும். ஆறு, எட்டு என்று கூட்டினால் சின்னச் சின்ன நெளிவு வரும். வேரில் இழுத்து இறுக்கிப் பின்னும் பழக்கம் மட்டும் வேண்டாம். தொடர்ந்து இழுபட்டால் நெற்றியோர முடி கொட்ட ஆரம்பிக்கும்.

2. லெக்கிங்ஸ் அல்லது துப்பட்டா

யாருக்கு: பார்லர் லுக் வேணும், ஆனா சூடு வேண்டாம் என்பவர்களுக்கு.

கடையில் விற்கும் ஹீட்லெஸ் கர்லிங் ராடுக்கு மாற்று இது. பழைய லெக்கிங்ஸையோ முறுக்கிய துப்பட்டாவையோ உச்சந்தலையில் குறுக்காகப் போட்டு, கிளிப்பால் நிறுத்துங்க. இரண்டு பக்கமும் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் துணி மேல் சுற்றிக்கொண்டே போய், நுனியில் ரப்பர் பேண்ட் போடுங்க. அப்படியே தூங்கலாம். பின்னலில் வரும் நெளிவைவிட இதில் உருண்டையான, பெரிய சுருள் கிடைக்கும்.

3. ரோலர்

யாருக்கு: முடி மெலிசாக இருக்கு, அடர்த்தியாகத் தெரியணும் என்பவர்களுக்கு. தோள் வரை முடி இருந்தால் இன்னும் சுலபம்.

ரோலர் சின்னதாக இருந்தால் சுருள் இறுக்கமாகவும், பெரிதாக இருந்தால் தளர்வாகவும் வரும். வெல்க்ரோ ரோலரை ரொம்ப நீளமான, சிக்கு விழும் முடிக்குப் போட்டால் ஒட்டிக்கொண்டு இழுக்கும். அவங்களுக்கு ஸ்பாஞ்ச் ரோலர் நல்லது.

4. கர்லிங் மெஷின், ஸ்ட்ரெய்ட்னர்

யாருக்கு: அரை மணி நேரம், ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டியவர்களுக்கு.

சீக்கிரம் முடியும். ஆனா தப்பு பண்ணினால் அதிக சேதமும் இதில்தான். கவனிக்க வேண்டியவை:

* ஈர முடியில் வைக்கவே கூடாது. முடிக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, உள்ளே குமிழ் குமிழாக உண்டாகி முடி உடையும். 'சர்ர்' என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்க.
* மெலிசான முடி, கலரிங் பண்ணிய முடி என்றால் 150 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். சாதாரண முடிக்கு 150 முதல் 180 வரை. ரொம்ப அடர்த்தியான, தடித்த முடிக்கும் 200-க்குள் நிறுத்துங்க.
* ஹீட் ப்ரொடெக்டன்ட் ஸ்பிரேக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவாதீங்க. எண்ணெய் வைத்த முடியில் கர்ல் பிடிக்காது, புகையும்.
* ஒரே இடத்தில் 10 விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம். எடுத்த சுருளைத் தொங்கவிடாமல், கிளிப் போட்டு ஆறவிடுங்க. மண்டபத்துக்குப் போறதுக்குள் கர்ல் விழுந்த கதையில், விட்டுப்போனது பெரும்பாலும் இந்த ஸ்டெப்தான்.
* 25 மில்லிமீட்டர் ராடில் நடுத்தர சுருளும், 32 மில்லிமீட்டரில் பெரிய அலையும் கிடைக்கும். நேரம் ஆக ஆகச் சுருள் தளரும் என்பதால், நீங்க நினைப்பதைவிட ஒரு சைஸ் சின்னதாக எடுங்க.
* அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரங்க வாங்கி வந்த மெஷினா? அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். மெஷினில் 100-240 என்று போட்டிருந்தால் மட்டும் பிளக்கில் சொருகுங்க.

5. பெர்மிங்

இது கெமிக்கல் முறை. முடியின் இயற்கை வடிவத்தைத் தாங்கி நிற்கும் வலுவான டைசல்ஃபைடு பிணைப்புகளையே உடைத்து, புது வடிவத்தில் சேர்ப்பார்கள். அதனால் குளித்தாலும் சுருள் போகாது. நேரம் கொஞ்சம் தவறினாலும் முடி அறுந்துபோகும். ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெய்ட்டனிங், ப்ளீச்சிங் செய்த முடிக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆன்லைனில் கிட் கிடைக்கிறதே என்று வீட்டில் முயற்சி பண்ண வேண்டாம். அனுபவமுள்ளவரிடம், உங்க முடியில் இதற்கு முன் என்னென்ன செய்தீங்க என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுச் செய்யுங்க.

சட்டென்று முடிவெடுக்க

* ராத்திரி முழுக்க நேரம் இருக்கு: பின்னல் அல்லது லெக்கிங்ஸ்
* மெலிசான முடி: ரோலர்
* அவசரம், ஆரோக்கியமான முடி: மெஷின், குறைந்த சூட்டில்
* கலரிங், ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த முடி: சூடு இல்லாத முறை மட்டும்
* மழை நாள், கடலோர ஊர்: கொஞ்சம் இறுக்கமான சுருளாகப் போட்டு, செட்டிங் ஸ்பிரே

சுட்டுக்கிட்டா என்ன பண்றது?

கழுத்து, காது, நெற்றி, விரல். மெஷின் அடிக்கடி சுடும் இடங்கள் இவைதான். உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்க. டூத்பேஸ்ட், காபித்தூள், ஐஸ் கட்டி எதுவும் வைக்கக் கூடாது. கொப்புளம் வந்தால் உடைக்காதீங்க. கண்ணுக்குப் பக்கத்தில் சுட்டிருந்தால் டாக்டரிடம் போயிடுங்க. வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, மெஷினை மெத்தை மேல் வைக்காமல், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் ஆறவிடுங்க.

கடைசியா ஒண்ணு. எந்த முறையைத் தேர்வு பண்ணினாலும், விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தடவை ட்ரையல் பாருங்க. உங்க முடியில் சுருள் எத்தனை மணி நேரம் நிற்குது என்பது அதில் தெரிந்துவிடும்.